எந்த ஸ்வரத்தை விடுவது

சி, ஈ, ஜி, பி ஃபிளாட். இதுவரை யாருக்கும் சிரமம் கிடையாது, சர்ச்சில் ஆறு மாதம் பியானோ பழகினவர்கள்கூட வாசித்துவிடுவார்கள். அதற்கு மேலே டி, அது ஒன்பது. அதற்கு மேலே எஃப், பதினொன்று. ஏ, பதிமூன்று. ஒன்றை விட்டு ஒன்றாக ஏறிக்கொண்டே போனால் ஏழு ஸ்வரமும் ஒரே கார்டுக்குள், சேர்த்து அமுக்குகிற ஒரே கூட்டுக்குள், வந்துவிடும். பேர் மட்டும் பெரிய பேர், சி தர்ட்டீன்த். ஏழையும் சேர்த்து அமுக்கினால் காதில் விழுவது கார்டு இல்லை, இரைச்சல். எஃப் ஈயோடு உரசும், இரண்டுக்கும் நடுவில் கறுப்புக் கட்டைகூட இல்லை, ஒட்டிக்கொண்டு நிற்கிறவை, மேலும் கீழுமாக வைத்தாலும் அந்த உரசல் போகாது. அதனால் எஃப்பை விட வேண்டும். ஜி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான், அதையும் விடலாம். சி? அதுதான் கார்டின் பேரே, ஆனால் அதையும் நான் விட்டுவிடுவேன். சியைக் கீழ் ஸ்தாயியில் தியோ வாசிப்பான். மிச்சம் நாலு. இடது கையில் பி ஃபிளாட், ஈ. வலது கையில் ஏ, டி. இருபத்துநாலு வருஷமாக என் கைகள் அந்த நாலிலேயே போய் விழுந்து பழகிவிட்டன, யோசிக்காமல், இருட்டில் சுவிட்சைத் தேடிப் போகிற கைபோல. இன்றைக்கு யோசிக்க வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை பதினொன்றாகப் போகிறது, குக்கர் அடங்கிவிட்டது, வெளியே மழை வருவதுபோல் வந்து வராமல் நிற்கிறது, நாளை மதியம் பன்னிரண்டரைக்கு நான் தனியாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும். இடது சுண்டுவிரலில் சி, கட்டைவிரலில் பி ஃபிளாட். வலது கையில் ஈ, ஏ, டி. சொல்ல எளிது. விரித்தால் சுண்டுவிரல் நடுங்குகிறது. எனக்கு ஐம்பத்தொரு வயது, அந்த விரலுக்கு நான் இதுவரை ஒரு பொறுப்பும் கொடுத்ததில்லை. கீழே இருப்பதையெல்லாம் தியோ பார்த்துக்கொண்டான்.

தியோ என்கிற தியோடர் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். ஜன்னலோரம் சக்கர நாற்காலியில், அயனாவரத்து மாடிகளையும் தண்ணீர்த் தொட்டிகளையும் பார்த்துக்கொண்டு. காலையில் முகம் துடைத்து, சட்டை மாற்றி, வலது கையை எடுத்துத் தலையணைமேல் வைத்துவிட்டு வந்தேன். எடுத்து வைத்தால்தான் அது அங்கே இருக்கும். ஏழு மாதமாகிறது. ஏழு மாதம் நாலு நாள். நான் பியானோ, அவன் பேஸ் கிட்டார், கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்து வாசித்தோம், அதனால்தான் நான் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன், நீ என்கிறேன். அவன் அம்மாவுக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை. "புருஷனை ஆபீஸ் பியூனைக் கூப்பிடுற மாதிரி கூப்பிடுறாளே" என்பார்கள். என்ன செய்வது, பாட்டின் நடுவில் "என்னங்க, ரெண்டாவது தடவை திரும்பிப் போங்க" என்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா. தியோ, திரும்பு, என்றால் போதும். அதுகூட வேண்டாம், தலையை அசைத்தால் போதும். அசைக்காவிட்டாலும் அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்று நான் நினைத்தேன். எனக்கு அவனைத் தெரியும் என்றும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் சியை வாசிக்காமல் விட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. வேண்டாம். கைக்கு வா. சி, பி ஃபிளாட், ஈ, ஏ, டி. மறுபடியும். மழைக்காலத்தில் கீழ்க் கட்டைகள் ஊறி ஒட்டிக்கொள்கின்றன, அமுக்கினால் போகும், மேலே வர யோசிக்கும். போன கட்டை திரும்பி வரும்வரை காத்திருக்கிறேன். இந்தக் கார்டு அப்படியே நிற்கிற கார்டு இல்லை. எங்கேயோ போய் இறங்க வேண்டும் என்று இழுக்கும், எஃப்பில் போய் இறங்கினால்தான் காது அடங்கும். ஒன்பதும் பதிமூன்றும் சேரச் சேர அந்த இழுப்பு அழகாகிவிடும், அவசரம் போய்விடும், இறங்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கலாம்போல் இருக்கும். அந்த இடம்தான் எனக்குப் பிடித்த இடம். அதில் நான் வேண்டுமென்றே இரண்டு மாத்திரை கூடத் தங்குவேன், தியோ கீழே சியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான், வா போதும் என்று. அன்றைக்கு நான் அங்கே தங்கினேன், கீழே சி இல்லை.

கீழே சி இல்லாவிட்டால் அதே நாலு கட்டை வேறு ஏதோ ஆகிவிடும். பி ஃபிளாட்டில் தொடங்குகிற வேறொரு கார்டு, எங்கேயும் போக வேண்டாத கார்டு. கை மாறவில்லை, கட்டை மாறவில்லை, ஆனால் அர்த்தம் மாறிவிடும். கடற்கரைச் சாலையில் இருக்கும் அந்த ஓட்டலில் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தோம், தட்டும் கரண்டியுமாகச் சத்தம், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. மாடிப்படியில் கடைசிப் படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, அங்கே படி இல்லாமல் போகுமே, அது. திரும்பிப் பார்த்தேன். தியோ கம்பிகளைப் பார்க்கவில்லை, தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அது யாருடைய கை என்பதுபோல். நான் என்ன செய்தேன்? அடுத்த பாட்டுக்குப் போனேன். அதிலும் நாலைந்து இடத்தில் விட்டான், ஒரு இடத்தில் தாமதமாக வந்தான். இடைவேளையில் சமையலறை பக்கத்து நடையில் வைத்துக் கேட்டேன். "என்ன தியோ, குடிச்சிருக்கியா?" ஆறு வருஷமாக அவன் தொடுவதில்லை. எனக்குத் தெரியும், தெரிந்துதான் கேட்டேன். ஒரு பரிமாறுகிறவன் சூப் பாத்திரத்தோடு எங்களைத் தாண்டிப் போனான். அவன் போன பிறகு, "ஒரு பத்து நிமிஷம் உக்காந்துக்கட்டுமா ஹெப்சி" என்றான். "இன்னும் ஒரு செட்டுதானே, முடிச்சுட்டு வீட்டுக்குப் போய் உக்காரு." நான் சொன்னதுதான், வேறு யாரும் சொல்லவில்லை, ஹெப்சிபா தியோடர் சொன்னது. அவன் வந்து வாசித்தான். மூன்று மணி வரைக்கும் வாசித்தான். எப்படி வாசித்தான் என்று இப்போது யோசித்தால், பெருவிரலால் மட்டும் தட்டித் தட்டி வாசித்திருக்க வேண்டும்.

அதுவும் ஆரம்பம் இல்லை. எங்கேயிருந்து எண்ணுவது என்பதுதான் எனக்குப் பெரிய பாடு. காரில் போகும்போதே சொன்னான். திருவான்மியூர் சிக்னல், பதினொரு மணி, ரேடியோவில் மணி சொன்னார்கள், அதனால் மறக்க வழியில்லை. "வலது கை மரத்துப்போன மாதிரி இருக்கு ஹெப்சி." நான் போனில் பாட்டு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ராத்திரி கையை மடிச்சு வெச்சுப் படுத்திருப்ப. உதறு, சரியாயிடும்." உதறினான். சிக்னல் விழுந்தது. இவ்வளவுதான். இதைத்தான் நான் யாருக்கும் சொல்லவில்லை. மரத்துப்போச்சு என்றான், உதறு என்றேன். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், ஒரு மூச்சு. நாலு மணிக்கு ஓட்டல் கார் நிறுத்துமிடத்தில் சாமான் ஏற்றும்போது அவன் கார்க் கதவில் சாய்ந்து, அப்படியே வழுக்கி, தரையில் உட்கார்ந்துவிட்டான். முகத்தில் ஒரு பக்கம் தொங்கியது. "ஆம்ப் எடுத்தியா" என்றான், வார்த்தை குழறியது, ஆனால் முழு வார்த்தை. ஆம்ப் எடுத்தியா ஹெப்சி. அதுதான் அவன் முழுசாகச் சொன்ன கடைசி வாக்கியம். இருபத்துநாலு வருஷத்தில் எனக்குக் கடைசியாகக் கிடைத்தது ஒரு ஸ்பீக்கர் பெட்டியைப் பற்றி.

போன் அடிக்கிறது. பியானோ மேலே அதிர்ந்து நகருகிறது. ஓட்டல் மேனேஜர் வாசுதேவன். அந்த ஓட்டல் இல்லை, இது நுங்கம்பாக்கத்தில், வேறு. அந்தப் பக்கம் நான் இனி போகமாட்டேன். "மேடம், நாளைக்கு கன்ஃபர்ம்தானே? பியானோவை இன்னிக்கு டியூன் பண்ண ஆள் வர்றார்." கன்ஃபர்ம் என்றேன். "தனியாத்தானே மேடம்? இல்ல, பேஸுக்கு யாரையாவது ஏற்பாடு பண்ணணும்னா சொல்லுங்க, ஒரு பையன் இருக்கான், நல்லா வாசிப்பான்." "வேண்டாம், நானே பார்த்துக்குவேன்." "சார் எப்படி இருக்காங்க?" இருக்கார், என்றேன். எல்லோருக்கும் சொல்வது இது. இருக்கார். பொய்யில்லை. "கடவுள் இருக்கார் மேடம், சரியாயிடுவாங்க." வைத்துவிட்டார். சரியாயிடும். உதறு, சரியாயிடும். இந்த வார்த்தையை ஏன் எல்லோரும் இவ்வளவு சுலபமாக எடுக்கிறார்கள். சி, பி ஃபிளாட், ஈ, ஏ, டி. இல்லை, சுண்டுவிரல் பி மேல் போய் விழுந்தது, அசிங்கமான சத்தம். தியோ கேட்டிருப்பான். ஏழு மாதமாக இந்தப் பியானோவை நான் திறக்கவே இல்லை, இந்த வாரம்தான் திறந்தேன். முதல் நாள் மூடியைத் திறந்த சத்தத்துக்கே உள்ளே நாற்காலி கிரீச்சிட்டது.

நாலு மணி. டாக்டர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. சின்னப் பெண், முப்பதுகூட இருக்காது, கழுத்தில் ஸ்டெத், கையில் பேனா. எந்த ஆஸ்பத்திரி என்பதில் என்ன இருக்கிறது, வழியில் முதலில் வந்த ஆஸ்பத்திரி, அவர்கள் எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள், ஓடி ஓடிச் செய்தார்கள். "கடைசியா எப்பம்மா இவர் முழுசா நல்லா இருந்தார்?" நான் அவள் பேனாவைப் பார்த்தேன். பதினொன்று என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்போதிருந்து என்ன செய்தீர்கள். வாசித்தோம். அவரையும் வாசிக்க வைத்தீர்களா. வைத்தேன். உட்காரட்டுமா என்று கேட்டாரா. கேட்டார். இந்தக் கேள்விகளை அவள் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் மாட்டாள், அவளுக்கு நேரம் மட்டும்தான் தேவை. எனக்குத்தான் அத்தனையும் ஒரே நொடியில் கேட்டது. "நாலு மணிக்குத்தான் டாக்டர். அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தார். கச்சேரி முழுக்க வாசிச்சார்." அவள் எழுதினாள். நாலு. மணியைப் பார்த்தாள், நாலு ஐம்பது. அவள் முகம் மலர்ந்தது, அதை நான் பார்த்தேன், அந்த மலர்ச்சியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "நல்ல நேரத்துல கொண்டுவந்துட்டீங்கம்மா. ஸ்ட்ரோக் ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள வந்தாத்தான் ரத்தக்கட்டைக் கரைக்கிற இந்த ஊசி போடலாம்." ஸ்கேன் எடுத்தார்கள், காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள், ஐந்து இருபதுக்கு ஊசி ஏறியது. பதினொன்றிலிருந்து ஐந்து இருபது, ஆறு மணி இருபது நிமிஷம். இதை நான் எத்தனை தடவை கழித்துப் பார்த்திருப்பேன். பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ஸில், பிசியோதெரபிக்காரர் அவன் காலை மடக்கி நீட்டி எண்ணும்போது, அவர் ஒன்று இரண்டு என்று எண்ணுவார், நான் பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று என்று எண்ணுவேன். மறுநாள் விடிந்ததும் வாந்தி எடுத்தான். மறுபடி ஸ்கேன். மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். குழறலாகவாவது இருந்த பேச்சு அதோடு போயிற்று. அதே டாக்டர், கண்ணெல்லாம் சிவந்துபோய், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "இந்த ஊசியில நூத்துல ஆறு பேருக்கு இப்படி ஆகலாம்மா. யார் தப்பும் இல்ல. நீங்க கரெக்டான நேரத்துலதான் கொண்டுவந்தீங்க." அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது. நான் அவளைத் தேற்றினேன். பரவாயில்லம்மா, நீங்க என்ன பண்ணுவீங்க, என்றேன். மூன்று வாரம் கழித்து வார்டுச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்ததைப் படித்தேன், தண்ணீர் பிடிக்கப் போகிற வழியில். தாமதமாகப் போட்டால் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு அதிகம், ஆரம்பித்த நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். பாட்டில் நிரம்பி வழிந்து என் காலில் கொட்டியது. சரியான நேரம் சொல்லியிருந்தால் ஊசி போட்டிருக்கமாட்டார்கள். போடாவிட்டால் கை போயிருக்கும், பேச்சு கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். மிஞ்சியிருக்குமா? தியோ அந்த ஆறு பேரில் ஒருவனாகவும் இருக்கலாம். யாரிடம் கேட்பது. கேட்க வேண்டுமானால் முதலில் சொல்ல வேண்டும்.

கை தானாகப் பழைய இடத்துக்குப் போய்விட்டது. பி ஃபிளாட், ஈ, ஏ, டி. நாலுதான், சி இல்லாமல். விரல்கள் நான் சொல்வதைக் கேட்கவில்லை, அல்லது நான் ஒன்றும் சொல்லவில்லை. பெடலை விடாமல் அப்படியே வைத்திருக்கிறேன், எங்கேயும் போகாத கார்டு, அறையில் சுற்றுகிறது, மெல்ல அடங்குகிறது. அப்போது ஒரு சத்தம். மோட்டார் போட்டுவிட்டார்களா கீழே? இல்லை. மூடிய வாயிலிருந்து வருகிற சத்தம். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. கட்டையான, ஆடுகிற, ஆனால் சரியான சத்தம். சி. தியோ சி பிடிக்கிறான். என் நாலு கட்டைக்கும் கீழே அவன் குரல் வந்து உட்கார்ந்ததும் கார்டு தன் பேருக்குத் திரும்பிவிட்டது, இழுக்கத் தொடங்கிவிட்டது. ஏழு மாதமாக அவனிடமிருந்து வருவதெல்லாம் ஆமா, இல்ல என்ற இரண்டு சொல், அதுவும் இடம் மாறி வரும். ஆமா என்றால் இல்ல, இல்ல என்றால் ஆமா, சில நாள் நிஜமாகவே ஆமா என்றால் ஆமா. ஆனால் இது இடம் மாறவில்லை. மறுபடி அமுக்கினேன். மறுபடி வந்தான். எஃப்புக்குப் போனேன், அவனும் கூடவே இறங்கினான். மூன்று தடவை. நாலாவது தடவை நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. நாளை இப்படித்தானே வாசிக்க வேண்டும் என்ற நினைப்பா, சுண்டுவிரல் அந்த நேரத்தில்தான் தைரியம் வந்து விரிந்ததா. சியை நானே வாசித்தேன். சி, பி ஃபிளாட், ஈ, ஏ, டி. காலையிலிருந்து வராதது அப்போது சுத்தமாக வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குரல் நின்றுவிட்டது. காத்திருந்தேன். இன்னொரு தடவை வாசித்தேன், என் சியோடு. ஒன்றுமில்லை. அவன் இடத்தில் இன்னொருவர் வாசித்தால் அவன் ஒதுங்கிக்கொள்வான், எப்போதுமே அப்படித்தான், மேடையில் போட்டிபோடத் தெரியாதவன். சியை விட்டுவிட்டுப் பழைய நாலை வாசித்தேன், வா, வா என்று. வரவில்லை. பெடலிலிருந்து காலை எடுத்தேன். அறை அப்படியே வறண்டது.

எழுந்துபோனேன். கால்கள் தாங்களாக நடந்தன. அவன் ஜன்னலைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான், நான் வருவேன் என்று தெரிந்ததுபோல். கண் ஈரமாக இருந்தது, ஆனால் அவன் வலது கண் எப்போதுமே கொஞ்சம் ஈரம்தான் இப்போது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். "தியோ, நான் ஒண்ணு சொல்லணும்." ஆமா, என்றான். அது ஆமாவா இல்லவா. "அன்னிக்குக் கார்ல நீ கை மரத்துப்போச்சுன்னு சொன்ன. பதினொரு மணிக்கு. டாக்டர் கேட்டப்ப நான் நாலு மணின்னு சொல்லிட்டேன்." என் குரல் கடைக்காரனிடம் சில்லறை கேட்பதுபோல் இருந்தது. அழவேண்டும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. "நாலரை மணி நேரம் தாண்டினா அந்த ஊசி போடக்கூடாதாம். எனக்கு அப்ப தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் உண்மையைச் சொல்லியிருப்பேனான்னு தெரியல. நீ உக்காரட்டுமான்னு கேட்ட, நான் விடல, அதைச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு தியோ. அதனால நாலுன்னு சொல்லிட்டேன். உன் பேச்சு போனது என்னால இருக்கலாம்." சொல்லிவிட்டேன். ஏழு மாதமாகச் சொல்லாத ஒன்று, இவ்வளவு சின்னதாக இருந்தது. அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கோபமா என்று தேடினேன், ஒரு பக்கம் தொங்கிய முகத்தில் கோபத்தையும் களைப்பையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது. பிறகு வாயைத் திறந்தான். இடது கையால் நாற்காலிப் பிடியைத் தட்ட ஆரம்பித்தான். "ஞாயிறு." ஸ்பீச் தெரபிக்கு வருகிற பெண் சொல்லித்தந்தது இது. தனியாக ஒரு வார்த்தையை எடுக்க அவனால் முடியாது, மனப்பாடமான வரிசை ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து ஓடினால் வேண்டிய இடத்துக்கு வந்து நிற்கலாம். மாதமானால் ஜனவரியிலிருந்து வர வேண்டும், கிழமையானால் ஞாயிற்றிலிருந்து. "ஆமா, ஞாயித்துக்கிழமைதான்" என்றேன், அந்த நாளைச் சொல்கிறான் என்று. தலையை ஆட்டினான், எரிச்சலாக. "ஞாயிறு. திங்கள்." ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. "செவ்வாய். புதன். வியாழன்." நின்றான். இடது கையைத் தூக்கி, தலையணைமேல் கிடந்த வலது கையில் தட்டினான். வியாழன். மறுபடி தட்டினான். வியாழன், கை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே ஏதோ மெதுவாகத் திரும்பியது. "வியாழக்கிழமையே மரத்துப்போச்சா? மூணு நாள் முன்னாடியா?" இல்ல, என்றான். ஆனால் தலை மேலும் கீழுமாக ஆடியது.

வியாழக்கிழமை. வியாழக்கிழமை என்ன நடந்தது? கிட்டாருக்குக் கம்பி மாற்றப் போகிறேன் என்று பழைய கம்பியைக் கழற்றிவிட்டு, இரண்டு நாள் மாற்றாமல் சோபாமேல் வைத்திருந்தான், நான்கூட அதை நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை மதியம் கரண்டியால் சாதம் சாப்பிட்டான், கையில் பசை இருக்கு என்றான். சனிக்கிழமை சவரத்தில் தாடையில் வெட்டு, பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தான், என்ன பதினாறு வயசுப் பையன் மாதிரி என்று நான் சிரித்தேன், அவனும் சிரித்தான். வந்து வந்து போயிருக்கிறது. மூன்று நாள் வந்து வந்து போயிருக்கிறது, அவன் மறைத்து மறைத்து வைத்திருக்கிறான். கைதான் அவன் தொழில், கையைப் பற்றிப் பயந்திருப்பான். ஞாயிறு முடியட்டும் என்றிருந்திருப்பான். இல்லை, என்னிடம் சொல்லப் பயந்திருப்பானா? உதறு என்பேன் என்று தெரிந்திருக்கும். அன்றைக்குக் காரில் அவன் சொன்னது முதல் தடவை இல்லை, கடைசித் தடவை. வியாழக்கிழமையே டாக்டரிடம் போயிருந்தால் ஊசியே வேண்டாம், நாலுமில்லை, பதினொன்றுமில்லை. மார்பிலிருந்து பாரம் இறங்கும் என்று எங்கேயோ எதிர்பார்த்திருக்கிறேன் போல, இறங்கவில்லை, பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. கோபம். அப்படி ஒரு கோபம் எனக்கு இந்த ஏழு மாதத்தில் வந்ததில்லை, என்மேல்கூட. "ஏன் சொல்லல? ஏன்டா சொல்லல என்கிட்ட?" கத்திவிட்டேன், எதிர்வீட்டு நாய் குரைத்தது. அவன் வாயைத் திறந்தான். உதடு கூம்பி, விரிந்து, மறுபடி கூம்பியது. கழுத்து நரம்பு புடைத்தது. கிழமைக்கு வரிசை இருக்கிறது, மாதத்துக்கு இருக்கிறது, எண்ணுக்கு இருக்கிறது, ஏன் என்பதற்கு எங்கேயிருந்து ஓடிவருவது. அவன் தேடினான், நான் பார்த்துக்கொண்டிருந்தேன், இத்தனை நாளில் அவன் இவ்வளவு தேடி நான் பார்த்ததில்லை. கிடைக்கவில்லை. கிடைக்காது. நான் சாகும்வரை எனக்கு இது கிடைக்காது. அவன் கண்ணிலிருந்து, இரண்டு கண்ணிலிருந்தும், வழிந்தது.

துடைத்துவிட்டேன். முந்தானையால், அழுத்தமாக, கோபம் போகாமலே. சாதம் ஆறியிருக்கும், ரசத்தைச் சுடவைக்க வேண்டும், அவனுக்குக் குழைத்துக் கொடுக்க வேண்டும். நாளை பக்கத்துவீட்டு அருள்மேரி வந்து உட்காருவதாகச் சொல்லியிருக்கிறாள், நான் போவேன், கறுப்புப் புடவை கட்டிக்கொண்டு போவேன், சுண்டுவிரலில் சி வந்துவிட்டது. இனி வரும். அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. எந்தக் கை என்று பார்த்தேன், வலது கை, பிடித்திருப்பது அவனுக்குத் தெரியாத கை. விட்டுவிட்டு இடது கையைப் பிடித்தேன். உடனே அது என் விரல்களை இறுக்கியது. "ஞாயிறு" என்றான். மறுபடி முயற்சி செய்கிறான், அதே வழியில் ஓடினால் ஏதாவது அகப்படும் என்று. திங்கள், செவ்வாய், புதன், வியாழன். இந்தத் தடவை நிற்கவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு. எனக்கு நேரே பார்த்துக்கொண்டு, ஏதோ விளக்கம் சொல்வதுபோல் குரலை ஏற்றி இறக்கி, திங்கள், செவ்வாய் என்று சொல்லிக்கொண்டே போனான். அப்படி மாட்டிக்கொண்டால் கூடச் சேர்ந்து சொல்ல வேண்டும், அப்புறம் மெதுவாக நிறுத்த வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். மூன்றாவது சுற்றில் நானும் சேர்ந்துகொண்டேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம், ஜன்னலில் மழை ஆரம்பித்தது. வியாழனில் நான் நின்றுவிட்டேன். அவன் வெள்ளி, சனி என்று போய்க்கொண்டே இருந்தான்.